அது என்ன கேட்டுச்சு

சாயக் கணக்குப் போடும் மென்பொருளை
ஈரோட்டுக்காரர் ஒருவர் ஏற்றித் தந்துவிட்டுப் போனார்.
உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டதற்கு
‘நம்ம பசங்க எழுதுனதுங்க, நம்பலாம்’ என்றார்.
நம்புவதற்கு எனக்குச் சம்பளம் தருவதில்லை.

வீரபாண்டிப் பிரிவுக்குத் தெற்கே,
கொதிகலன் சுவரை ஒட்டிய எட்டடி அறையில்
பதினோரு நாள் அதை வேவு பார்த்தேன்.

ஒரு நிரலுக்குச் சொந்தமாகக் கை கிடையாது.
கோப்பைத் திறக்க, மணி கேட்க, நினைவகத்தில் இடம் பிடிக்க,
செத்துப்போகக்கூட
கெர்னலின் வாசலில் வந்து நின்று கேட்க வேண்டும்.
அந்த வாசலில் கேட்கத்தக்கவை முந்நூற்றுச் சொச்சம்.
இது கேட்டது அறுபத்து நான்கு.
தராசில் உப்பு ஏறும்போது ஒன்று,
பிரிண்டரில் தாள் தீரும்போது வேறொன்று,
மின்சாரம் போய் ஜெனரேட்டர் உறுமும் அந்த இடைவெளியில்
அதுவரை கேட்காத மூன்று.

பதினோராம் நாள் கருவி பட்டியலை எழுதிக் கொடுத்தது,
சமர்த்தாக, அகர வரிசையில்.
இவற்றைக் கேட்டால் கொடு.
வேறெதைக் கேட்டாலும் கொல்.

எட்டாவது வரியில் கனெக்ட்.
தராசோடும் பிரிண்டரோடும் கம்பியில் பேசுகிற பெட்டிக்கு
வெளியே யாரோடு பேச்சு?
பதிவைப் புரட்டினேன்.
தினமும் விடிகாலை மூன்று பத்து. நாற்பது நொடி.
எந்த ஷேடுக்கு எத்தனை கிராம் சிவப்பு, எத்தனை மஞ்சள்,
சோடா எப்போது, சூடு எவ்வளவு,
எல்லாம் வரிசையாக.

ஈரோட்டுக்குப் போன் போட்டேன்.
‘அது சப்போர்ட்டுக்குங்க.’

கருவியைக் குறை சொல்லமாட்டேன்.
பார்த்ததை எழுதச் சொன்னேன், எழுதியது.
திருடனையும் பதினோரு நாள் பார்த்தால்
தெரிந்த ஆளாகிவிடுகிறான்.

பின்னால் ஆர்ஓ பிளான்ட் இரைந்துகொண்டிருந்தது.
நொய்யலுக்கு ஒரு சொட்டுப் போகக்கூடாதென்று
மீட்டர் வைத்து, சீல் வைத்து,
உப்பைக்கூட வடித்து மூட்டை கட்டுகிற இடம் இது.

எட்டாவது வரியை அடித்தேன்.
‘மிஷின் நிக்காதுல்ல?’ என்றார்
டையிங் மாஸ்டர் பொங்கியண்ணன்.
நிக்காதுங்க என்றேன்.

நின்றது.
மாசக் கடைசி ராத்திரி, எட்டுநூறு கிலோ துணி
அறுபது டிகிரியில் பாதி நீலமாகச் சுழல்கையில்
திரை கறுத்தது.
பொங்கியண்ணன் சிட்டையைப் பார்த்துக் கையால் எடை போட்டு
வாளி வாளியாக ஊற்ற வைத்தார்.
விடிந்தபின் முழங்கைவரை நீலத்தோடு வந்து நின்றார்.
திட்டவில்லை.
‘அது என்ன கேட்டுச்சு அம்மிணி?’

மாசம் முடிஞ்சதுங்க. பழைய கோப்புக்குப்
பேர் மாத்தோணும்னு கேட்டுச்சு.

‘அதுக்கா கொன்னு போட்ட?’

காங்கயம் ரோட்டில் வீட்டுக்குப் போகும்போது
கொறங்காட்டுக் கிளுவை வேலிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.
எந்த ஆடு எந்தப் பக்கம் போகுமென்று
பதினோரு நாள் எழுதிவைத்து நட்ட வேலியில்லை அது.
அப்படியும் வருசா வருசம் சந்து விழுகிறது,
மழைக்கு மீறி வளர்ந்து படலையே மறைக்கிறது.

ரீநேமைச் சேர்த்தேன்.
அடுத்த வாரம் நூலகம் புதுப்பிக்கிறார்கள்;
குளோன் கேட்ட வாய் குளோன்த்ரீ கேட்கும்,
வேலை அதேதான், பெயர்தான் வேறு.
அதையும் சேர்க்க வேண்டும்.
ஏப்ரலில் கணக்கு வருசம் திரும்பும்போது என்ன கேட்குமோ.
அதனால் இப்போது கொல்வதில்லை.
இல்லை என்று சொல்லி, கேட்டதைக் குறித்துவைக்கிறேன்.

இன்றும் மூன்று பத்துக்கு வந்து கேட்டது.
இல்லை.
மறுபடி கேட்டது.
இல்லை.
நாற்பது நொடி நின்று பார்த்துவிட்டு
நேவி ப்ளூவுக்கு உப்பு நிறுக்கப் போனது,
ஒரு கிராம் பிசகாமல்.